கருங்கல் மலையும் கரியமில வாயுவும்

கள்ளக்குறிச்சிப் பக்கம் போர் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த மண்ணின் அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்று கம்ப்ரசர் இரையத் தொடங்கியதும் முதலில் செம்மண் பறக்கும். அடுத்து உதிரிப் பாறை. கேசிங் பைப்பை இறக்கிய பிறகு சாம்பல் நிறத் தூள். அதற்குப் பின் எத்தனை அடி போனாலும் அதே தூள்தான். நடுவில் எங்காவது பாறை வெடிப்பு குறுக்கிட்டால் தூள் ஈரமாகிச் சேறாக வரும், தண்ணீர் பீய்ச்சும். வெடிப்பு கிடைக்காவிட்டால் தோட்டத்துக்காரருக்கு மிஞ்சுவது கடன். பாறையின் உடம்பில் தண்ணீர் இல்லை, விரிசலில்தான் இருக்கிறது என்பது கச்சிராயபாளையம் முதல் சின்னசேலம் வரை எல்லோரும் காசு கொடுத்துக் கற்ற பாடம்.

அனல் மின் நிலையங்களும் சிமென்ட் ஆலைகளும் உருக்காலைகளும் கக்கும் கரியமில வாயுவைப் பிடித்து, அழுத்தி, நிலத்துக்கடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு அடைத்துவைக்கலாம் என்ற யோசனையை எடைபோடுவதற்கு இந்தப் பாடம் போதும். 2070க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா உறுதி கொடுத்தது. மறு ஆண்டே நிதி ஆயோக் இந்தத் தொழில்நுட்பத்துக்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது. 2050க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் வரை பிடிக்கும் திறனை உருவாக்க முடியும் என்றது. அவ்வளவையும் எங்கே வைப்பது? நாட்டின் நிலத்தடியில் 39,500 கோடி டன் முதல் 61,400 கோடி டன் வரை இடமிருக்கிறது என்று ஒரு கணக்கையும் தந்தது. இதில் 29,100 கோடி டன் ஆழமான உவர்நீர் அடுக்குகளில். மீதியில் பெரும்பங்கு தக்காணத்து எரிமலைப் பாறைகளில். கேட்கப் பெரிய எண். ஆனால் இது பாறையின் பரப்பையும் கனத்தையும் பெருக்கிப் போட்ட மதிப்பீடு. துளை போட்டுச் சோதித்து உறுதிசெய்த இடம் இதில் மிகக் குறைவு.

புதைக்க என்ன வேண்டும்? ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே போனால் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து கரியமில வாயுவை வாயுவுமல்லாத திரவமுமல்லாத ஒரு நிலைக்குக் கொண்டுவரும். 31 பாகை செல்சியஸ் வெப்பமும் வளிமண்டலத்தைப்போல் 73 மடங்கு அழுத்தமும் அதற்குப் போதும். அந்த நிலையில் அது சிறிய இடத்தில் நிறைய அடங்கும். அடங்குவதற்கு நுண்துளைகள் நிறைந்த மணற்கல் வேண்டும். அதன் தலைமேல் எதையும் கசியவிடாத களிப்பாறை மூடியாக உட்கார்ந்திருக்க வேண்டும். நார்வே 1996 முதல் வடகடலின் அடியில் ஸ்லீப்னர் என்ற இடத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வரை இப்படித்தான் செலுத்திவருகிறது. அந்த நாடு 1991இல் விதித்த கார்பன் வரியே அந்தத் திட்டத்தைப் பிறப்பித்தது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்று எண்ணெய்க் கம்பெனி கணக்குப் போட்டது. இந்தியாவில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் ஸ்லீப்னரைச் சொல்வார்கள், வரியைச் சொல்ல மாட்டார்கள்.

கல்வராயன் மலைக்கு வருவோம். சேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே நிற்கும் இந்த மலையும் அதன் அடிவாரமும் சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகளால் ஆனவை. ஊர் வழக்கில் கருங்கல். இவை 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வெந்து இறுகி, பிறகு மேலே வந்தவை. நுண்துளை என்பது இவற்றில் கிடையாது. மூடுபாறையும் இல்லை. இருக்கும் விரிசல்களில் ஊரார் குடிக்கும் தண்ணீர் நிற்கிறது. ஆகவே கேள்வி இங்கேயே தீர்ந்துவிடுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மலைப்பகுதியிலும் அதையொட்டிய சமவெளியிலும் கரியமில வாயுவைச் செலுத்திப் புதைக்க முடியாது. பணம் எவ்வளவு கொட்டினாலும் இந்தக் கல் வழிவிடாது.

வியப்பு என்னவென்றால், இதே கல்லுக்குள் கரியமில வாயு ஏற்கெனவே இருக்கிறது. தென்னிந்திய சார்னோக்கைட்டை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் குவார்ட்ஸ் மணிகளுக்குள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத குமிழ்கள் வரிவரியாகத் தெரியும். அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது அடர்த்தியான கரியமில வாயு. ஆழத்தில் பாறை வெந்த காலத்தில் அதனூடே பாய்ந்த வாயுவின் மிச்சம் அது. 1980களில் கிருஷ்ணகிரி, தருமபுரி, கர்நாடகத்துக் கப்பால்துர்கா பகுதிப் பாறைகளை வைத்து உலகப் புவியியலாளர்கள் நடத்திய பெரிய விவாதமே, இந்தக் கற்கள் உருவானதில் கரியமில வாயுவின் பங்கு எவ்வளவு என்பதுதான். அந்த வாயு இத்தனை கோடி ஆண்டுகள் வெளியேறாமல் இருப்பதற்குக் காரணம் கல்லின் இறுக்கம். நாம் புதிதாக எதையும் உள்ளே செலுத்த முடியாததற்கும் அதுவே காரணம்.

மலையின் மேற்குப் பக்கம் இறங்கிச் சேலம் போனால் இன்னொரு வகை இருப்பைக் காணலாம். சேலம் நகரத்தின் வடக்கே, ஏற்காடு அடிவாரத்தில், வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன. வெட்டிய சுவரின் முன் நின்றால் பழுப்பும் பச்சையுமான பாறையில் வெள்ளை நரம்புகள் விரல் அளவிலும் கை அளவிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது தெரியும். பழுப்புக் கல் டியூனைட்: பூமியின் அடியாழத்திலிருந்து வந்த, மக்னீசியம் மிகுந்த பாறை. வெள்ளை நரம்பு மேக்னசைட். கரியமில வாயு கரைந்த நீர் டியூனைட்டின் விரிசல்களில் புகுந்து மக்னீசியத்தோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. ஐஸ்லாந்தில் 2012இல் தொடங்கிய கார்ப்ஃபிக்ஸ் சோதனையும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் எரிமலைப் பாறையில் செய்தது. செலுத்திய வாயுவில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் கல்லாக மாறியதாக 2016இல் ஆய்வு முடிவு வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. வாயுவாக இருப்பது கசியலாம், கல்லானது கசியாது.

அப்படியானால் சேலத்து டியூனைட்டைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான், கணக்குத்தான் இடிக்கிறது. டியூனைட்டின் முக்கியத் தாதுவான ஆலிவின் ஒரு டன் முழுவதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 600 கிலோ கரியமில வாயுவைக் கல்லாக்கும். 1,000 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் டன் வெளியிடுகிறது. அதைக் கல்லாக்க ஆண்டுதோறும் ஒரு கோடி டன் பாறையை வெட்டி, மாவாக அரைத்து, சூடாக்கிக் கலக்க வேண்டும். மேட்டூர் அனல் மின் நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். ஏற்காட்டு அடிவாரம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று அவரவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். அரைக்காமல், ஐஸ்லாந்தைப்போல நீரில் கரைத்துச் செலுத்தலாமா? அதற்கு ஒரு டன் வாயுவுக்கு இருபதுக்கு மேற்பட்ட டன் தண்ணீர் தேவை. கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் மாவட்டத்தில் அதைக் கேட்கவே முடியாது.

இதற்கு நேர்மாறான ஒன்றை நாம் பல காலமாகச் செய்துவருகிறோம். உருக்காலை உலைகளின் உட்பூச்சுச் செங்கல்லுக்காக மேக்னசைட்டைச் சூளையில் சுடுகிறோம். சுட்டால் அதன் எடையில் பாதிக்கு மேல் கரியமில வாயுவாகப் போய்விடும். ஒரு டன்னுக்கு 520 கிலோ, சூளைக்கு எரிக்கும் எண்ணெயின் புகை தனி. இயற்கை கல்லாக்கி வைத்ததை மீண்டும் காற்றில் விடுகிறோம். அரியலூரில் சுண்ணாம்புக்கல்லுக்கும் இதே கதி. அந்தச் சூளையை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லவில்லை, உருக்கு வேண்டும், சிமென்ட் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் கரியமில வாயுவைப் பிடிப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் இந்தச் சூளைகளின் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கிழக்கே போனால் கதை மாறுகிறது. உளுந்தூர்ப்பேட்டை, விருத்தாசலம் தாண்டியதும் கருங்கல் மறைந்து கடலூர் மணற்கல் தொடங்கும். அதன்கீழ் காவிரிப் படுகையின் படிவுகள் கடலை நோக்கி ஆழமாகிக்கொண்டே போகின்றன. மணற்கல், களிப்பாறை, உவர்நீர் எல்லாம் அங்கே உண்டு. நரிமணம், குத்தாலம், அடியக்கமங்கலம் என்று ஓஎன்ஜிசி பல ஆண்டுகளாக எண்ணெயும் எரிவாயுவும் எடுத்த கிணறுகளும் அங்கேதான். லட்சக்கணக்கான ஆண்டுகள் எரிவாயுவைப் பிடித்துவைத்த பாறை கரியமில வாயுவையும் பிடித்துவைக்கும் என்பது புவியியல் வாதம். வாதம் வலுவானது. ஆனாலும் இரண்டு விஷயங்களை அது கணக்கில் எடுப்பதில்லை.

முதலாவது தண்ணீர். நெய்வேலிச் சுரங்கத்தின் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நன்னீர் அடுக்கு இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்க இரவுபகலாக நீரை இறைத்தால்தான் அங்கே நிலக்கரி வெட்ட முடியும். கடலூர் மாவட்ட விவசாயிகளின் நீர்மட்டப் புகார்கள் இதிலிருந்து வருகின்றன. கரியமில வாயுவை இதற்கும் கீழே, உவர்நீர் அடுக்கில்தான் செலுத்துவார்கள். ஆனால் செலுத்தும் இடத்தில் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எங்கே போகும், பழைய கைவிட்ட எண்ணெய்க் கிணறுகளின் சிமென்ட் அதைத் தாங்குமா, வாயு கரைந்து அமிலமான நீர் அந்தச் சிமென்ட்டையே அரிக்குமா என்பவை வெறும் பயத்தில் பிறந்த கேள்விகளல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், டெகேட்டர் என்ற ஊரில், மக்காச்சோள எத்தனால் ஆலையின் வாயுவைப் புதைக்கும் திட்டம் உலகுக்கே முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. 2024இல் அங்கே கண்காணிப்புக் கிணறு ஒன்றின் வழியே வாயு அனுமதியில்லாத அடுக்குக்குப் போனது தெரிந்து செலுத்துவதை நிறுத்தினார்கள். அல்ஜீரியாவின் இன் சாலாவில் மூடுபாறையைப் பற்றிய கவலையால் 2011லேயே நிறுத்தம். ஆஸ்திரேலியாவின் கார்கன் திட்டம் ஆண்டுக்கு 40 லட்சம் டன் புதைப்பதாகச் சொல்லி அதில் பாதியைக்கூட எட்டமுடியாமல் திணறுகிறது. இவற்றை வைத்து இந்தத் தொழில்நுட்பமே பொய் என்று சொல்வது தவறு. ஸ்லீப்னர் கால்நூற்றாண்டுக்கு மேல் நடக்கிறது, அதில் பெரிய கசிவு இல்லை. நன்றாகத் தேர்ந்த இடத்தில் செலுத்தினால் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் 99 விழுக்காடு உள்ளேயே இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று பன்னாட்டுக் காலநிலைக் குழு 2005லேயே சொன்னது. நன்றாகத் தேர்வது, செலுத்திய பிறகும் பார்த்துக்கொண்டே இருப்பது, இரண்டும்தான் நிபந்தனை.

இரண்டாவது மக்கள். மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு எதிராக இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்தார். 2013 டிசம்பரில் இறக்கும்வரை அந்தப் போராட்டத்திலேயே இருந்தார். 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிர்ப்பு, அதே ஆண்டு ஜூன் இறுதியில் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியது. 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டமே வந்தது. துளையிடுவதைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயுவைத் தேடுவதையும் எடுப்பதையும் தடுக்கிறது. வாயுவை உள்ளே செலுத்துவதைப் பற்றிப் பேசவில்லை. நாளைக்கு யாராவது இந்த இடைவெளி வழியாக நுழைந்து, மீண்டும் ரிக்கோடு வந்து நின்று, இது எடுப்பதில்லை, போடுவது என்று சொன்னால் டெல்டா நம்பாது. நம்பாததில் குற்றமும் இல்லை. ஊரைக் கேட்காமல் போட்ட கிணறுகளின் வரலாறு அவ்வளவு நீளம்.

பிடிப்பதைப் பொறுத்தவரை தமிழ்நாடு பின்தங்கவில்லை. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016 முதல் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து சோடா உப்பு செய்கிறார்கள். கரக்பூர் ஐஐடியில் படித்த இரு இளைஞர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் தொழில்நுட்பம். அரசு மானியம் வாங்காமல் ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்க அமைத்ததால் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பெருமைப்படலாம். அதே சமயம் அளவையும் பார்க்க வேண்டும்: மேலே சொன்ன 1,000 மெகாவாட் நிலையத்தின் ஓராண்டுப் புகையில் இது நூறில் ஒரு பங்கு. அதோடு சோடா உப்பு என்பது புதைகுழி அல்ல. கண்ணாடி உலையில் போட்டாலும் ரொட்டி மாவில் போட்டாலும் வாயு மறுபடி வெளியே வந்துவிடும். வாங்கி விற்கும் தொழிலாக அது சரி, உமிழ்வைக் குறைக்கும் கணக்கில் முழுதாகச் சேராது.

பிடித்த வாயுவிலிருந்து மெத்தனால் செய்யலாம் என்பது அடுத்த நம்பிக்கை. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசலில் என்டிபிசி நாளொன்றுக்கு 20 டன் வாயுவைப் பிடித்து மெத்தனாலாக்கும் சோதனை ஆலை வைத்திருக்கிறது. மெத்தனால் என்ற சொல் மற்ற ஊர்களில் வெறும் ரசாயனத்தின் பெயர். கள்ளக்குறிச்சியில் அப்படியில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் அந்தச் சரக்கு கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பார்வை போனவர்கள், அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். டிரம்மில் அடைத்து லாரியில் ஏற்றும் ஒரு திரவம் எந்த ஆலையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதைக் கண்காணிக்க முடியாமல் போனதன் விலை அது. அமெரிக்கச் சட்டம் கரியமில வாயுவைச் செலுத்தி முடித்த பிறகும் பொதுவாக 50 ஆண்டு கிணற்றைக் கண்காணிக்கச் சொல்கிறது. இந்தியாவில் நிலத்தடிச் சேமிப்புக்கென்று தனிச் சட்டம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வாயுவை ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் அரை நூற்றாண்டு பார்த்துக்கொள்வோம் என்று சொல்ல வருபவர், கண்முன்னே போன டிரம்மைப் பற்றி முதலில் பதில் சொல்ல வேண்டும்.

என் நிலைப்பாடு இதுதான். நிலக்கரி மின்சாரத்துக்கு இந்தத் தொழில்நுட்பத்தைப் பூட்டுவது வீண். வாயுவைப் பிரிக்கவும் அழுத்தவும் மின் நிலையம் தன் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தானே தின்றுவிடும், தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும். அந்தச் செலவில் சூரிய மின்சாரமும் காற்றாலையும் மின்கலச் சேமிப்பும் வாங்கிவிடலாம். தமிழ்நாட்டில் வெயிலும் காற்றும் குறைவில்லை. சிமென்ட்டின் கதை வேறு. அதன் உமிழ்வில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு எரிபொருளிலிருந்து வருவதல்ல, சுண்ணாம்புக்கல் உடைவதிலிருந்து வருவது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் சூடாக்கினாலும் அது வரும். அரியலூரைச் சுற்றி வரிசையாக நிற்கும் ஆலைகள், புதைக்கக்கூடிய காவிரிப் படுகையின் விளிம்பிலேயே இருக்கின்றன. அரியலூரில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் பிடிக்கும் ஆலை அமைக்கப்போவதாக 2019இல் டால்மியா சிமென்ட் அறிவித்தது. தமிழ்நாட்டில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு நியாயமான இடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் அரியலூரைத்தான் சொல்வேன். புதைக்கும் இடம் வயல்களின் கீழே வேண்டாம், கரையை விட்டுத் தள்ளிக் கடலுக்கடியில் தொடரும் அதே படுகையில் தேடலாம். செலவு கூடும். கூடட்டும், அந்தச் செலவு சிமென்ட் விலையில் ஏறட்டும். கட்டடம் கட்டுபவர் தரவேண்டிய பணத்தை வயல் வைத்திருப்பவர் தலையில் சுமத்தக் கூடாது.

கள்ளக்குறிச்சிக்கு இதில் பங்கு ஒன்று உண்டு, சிறியது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்புப் பாகு நொதித்து எத்தனால் ஆகும்போது ஒவ்வொரு டன் எத்தனாலுக்கும் ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயு தூய்மையாக வரும். நிலக்கரிப் புகையில் பத்தில் ஒன்றுக்குச் சற்று அதிகமாகவே இருக்கும் வாயுவை அமீன் கரைசலில் கழுவிப் பிரிக்க வேண்டும், இங்கே அந்த வேலையே இல்லை. கரும்பு காற்றிலிருந்து எடுத்த கரி என்பதால் அதைப் புதைத்தால் உமிழ்வு குறைவதோடு நில்லாமல் காற்றிலிருந்தே கரி குறையும். நாட்டில் எத்தனால் ஆலைகள் பெருகிவரும் வேளையில் இதை யாராவது கணக்கெடுக்க வேண்டும். ஆனால் புதைக்கும் இடம் தொலைவில். குழாய் போட்டுக் கொண்டுபோக வேண்டும். குழாய் என்றதும் மிசிசிப்பியின் சட்டார்ஷியா ஊரை நினைக்க வேண்டும்: 2020 பிப்ரவரியில் கரியமில வாயுக் குழாய் வெடித்து, மூச்சுத் திணறி 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். கார் எஞ்சின்கள்கூட ஆக்சிஜன் இல்லாமல் நின்றன. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். கரும்பு வெட்டும் ஆட்கள் வயலோரம் குடிசை போட்டுத் தங்கும் ஊர்களின் வழியே அப்படி ஒரு குழாயை நான் ஆதரிக்க மாட்டேன். நிலுவைத் தொகைக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் கரும்பு விவசாயிக்கு இதில் என்ன கிடைக்கும் என்றும் யாரும் சொல்லவில்லை.

கல்வராயன் மலை கரியைச் சேமிக்காமல் இல்லை. காடும் அதன் மண்ணும் சேமிக்கின்றன. காய்ந்த மரத்தின் எடையில் பாதி கரி. அப்படிப் பார்த்தால் ஒரு டன் மரம் 1.8 டன் கரியமில வாயுவுக்குச் சமம். கடுக்காய், புளி, நெல்லி மரங்களுக்கும் சாமைக் கொல்லைகளுக்கும் நடுவே வாழும் மலையாளிப் பழங்குடிகள் 1976 வரை மூன்று ஜாகிர்தார்களுக்குக் கட்டாய உழைப்பும் வரியும் கொடுத்தவர்கள். அரசு மலையை எடுத்துக்கொண்டபின் அவர்கள் உழுத நிலத்தில் பல பகுதி வனத்துறைக் காடாகவே கணக்கில் நின்றது. 2006இன் வன உரிமைச் சட்டத்தின்படி பட்டா கொடுப்பது தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. கருணாபுரத்துக்குப் பிறகு சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலையை விசாரிக்கத் தொடங்கியபோது வெளியே வந்த செய்திகளில் சாலையும் ஆம்புலன்சும்கூடக் குறையாக இருந்தன.

2023இல் மத்திய அரசு கார்பன் வரவு வணிகத் திட்டத்தை அறிவித்தது. தன் புகையைக் குறைக்க முடியாத ஆலை, வேறொருவர் சேமித்த கரியை விலைக்கு வாங்கிக் கணக்கைச் சரிசெய்யும் சந்தை இந்தியாவில் வளரப்போகிறது. நிலத்தடியில் புதைக்கும் செலவு டன்னுக்கு எவ்வளவு அதிகமோ, அந்த அளவுக்குக் காட்டுக் கரியை மலிவாக வாங்கும் ஆசையும் கூடும். அப்படி ஒப்பந்தத்தோடு யாராவது கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு வந்தால் அதில் கையெழுத்திட வேண்டியவர் வனத்துறை அதிகாரியா, கிராம சபையா? வன உரிமைச் சட்டம் சமூகக் காட்டைக் காக்கும் பொறுப்பையும் உரிமையையும் கிராம சபைக்குத் தருகிறது. அந்தச் சமூக உரிமையை மலையின் ஒவ்வொரு ஊருக்கும் எழுத்தில் கொடுத்து முடிக்கும் வேலைக்கு ரிக்கும் வேண்டாம், அமீன் கரைசலும் வேண்டாம், அதை மாவட்ட நிர்வாகம் இந்த ஆண்டே தொடங்கலாம்.